பணிவைப் பொருளாகக் கொண்ட பெயர்கள்: மகளுக்கு எதைச் சூட்டலாம்?

பொன்னிமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு மகனுக்கு அடுத்து, இரண்டாவது பிள்ளையாக மகள் பிறந்திருக்கிறாள். பெயர் சூட்டும் நாள் நெருங்கிவிட்டது. உறவினர்கள் சொல்லும் பெயர்களை எல்லாம் எழுதிப் பார்த்தபோது, அரசி, ராணி, வெற்றி, ஜெயம், உலகை ஆள்பவள் என்ற பொருள்களே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆயினும் பணிவு, அடக்கம், எளிமை ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பெயரை அவளுக்குச் சூட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் மாமியாரும் அதையே விரும்புகிறார்.

நான் இதுவரை சேர்த்து வைத்திருப்பவை வினயா, நம்ரதா, சௌம்யா, வினோதினி, பணிமொழி ஆகியவை. இவற்றுள் எவற்றுக்கு உண்மையிலேயே அந்தப் பொருள் உண்டு என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பெயர்ப் பொருள் சொல்லும் இணையதளங்கள் ஒரே பெயருக்கு ஆளுக்கொரு பொருள் தருகின்றன. இன்னொன்றும் உண்டு. பெண் குழந்தைக்குப் பணிவு என்று பெயர் வைத்தால், அடங்கிப் போ என்று பிறந்த நாளிலேயே சொல்வதாகிவிடாதா என்று என் கணவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் தெளிவான விடை இல்லை.

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

குழந்தைக்கு வாழ்த்துகள், அம்மா. உங்கள் பட்டியலில் இரண்டு பெயர்களை முதலில் நீக்கிவிடலாம். வினோதினி என்பது வினோதம் என்ற சொல்லிலிருந்து வருவது. வடமொழியில் அதற்குக் களிப்பு, பொழுதுபோக்கு என்று பொருள். வினயாவோடு ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் சிலர் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். சௌம்யா சோமனை, அதாவது நிலவை, அடியாகக் கொண்ட பெயர். குளிர்ந்த இயல்பு, மென்மை என்பது அதன் பொருள். அழகிய பெயர்தான், ஆனால் பணிவைக் குறிப்பதன்று.

நம்ரதா நேராகவே பணிவு என்னும் பொருளுடையது. வளைதல், வணங்குதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. நமஸ்காரமும் பிரணாமமும் அதே வேரின. பிரணதி என்ற பெயரும் அவ்வழி வந்ததே, உச்சரிப்பதற்கும் எளிது. வினயா என்பதில் கொஞ்சம் கூடுதலான பொருள் இருக்கிறது. நல்வழியில் செலுத்தப்படுதல், பயிற்சி என்பவற்றிலிருந்தே விநயம் என்ற சொல் பணிவு என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. விநீதா என்பதும் அப்படியே, நன்கு பயிற்றப்பட்டவள். கற்றதனால் வந்த பணிவு என்று இவ்விரு பெயர்களையும் கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் பணிமொழியைத்தான் சொல்வேன். திருக்குறளில் இச்சொல் இரண்டு இடங்களில் வருகிறது. "பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி" என்று 1121ஆம் குறளில் தலைவன் தலைவியைச் சொல்கிறான். 1258ஆம் குறளில் "பன்மாயக் கள்வன் பணிமொழி" என்று தலைவி தலைவனின் பேச்சைச் சொல்கிறாள். ஆகவே அது ஆண், பெண் இருவருக்கும் வழங்கிய சொல். உங்கள் கணவரின் கேள்விக்கு இதில் ஒரு பாதி விடை இருப்பதாகக் கருதுகிறேன். எழுதும்போது டண்ணகரத்தைக் கவனியுங்கள். றன்னகரம் போட்டால் பனிமொழி ஆகிவிடும். அது வேறு பெயர்.

தாமிரபரணி எழுதியது:

என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் குப்பம்மாள். ஆச்சிக்கு முன் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே இறந்துவிட்டன. அதனால் ஆச்சி பிறந்ததும் முறத்தில் இட்டுக் குப்பைமேட்டில் கிடத்தி, அண்டை வீட்டுக்காரி எடுத்து வந்து, "எனக்குக் கிடைத்த பிள்ளை, வேண்டுமானால் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்" என்று சொல்ல, ஆச்சியின் தாயான என் பூட்டி ஒரு கை தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கியிருக்கிறாள். மதிப்பில்லாத பொருளை எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கை அது. குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்களில் பலவும் இப்படி வந்தவையே.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தாழ்ந்த பொருளுள்ள பெயர்கள் நம்மிடம் முன்பே ஏராளமாக இருந்தன. ஆனால் அவை பணிவுக்காக வைத்தவை அல்ல. பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்ற தவிப்பில் வைத்தவை. ஆச்சி பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொல்ல அப்பா கூச்சப்பட்டதுண்டு. கதையை அறிந்த பிறகு எனக்கு அந்தப் பெயரின்மேல் பெரிய மரியாதை வந்தது.

செங்கை வாசகன் எழுதியது:

தாமிரபரணி சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகத்தில், பிராமணனின் பெயர் மங்கலத்தையும், சத்திரியனின் பெயர் வலிமையையும், வைசியனின் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும் என்றும், சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்றும் விதி செய்யப்பட்டிருக்கிறது. அடுத்த சுலோகம் சூத்திரனின் பெயரில் ஏவல் தொழிலைக் காட்டும் சொல் இருக்க வேண்டும் என்கிறது. பெண்களின் பெயர் கடுமையற்றதாகவும் எளிதில் உச்சரிக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதற்கும் அடுத்த சுலோகம். ஆக, யார் பெயரில் பணிவு இருக்க வேண்டும் என்பதை ஒரு காலத்தில் பெற்றோர் தீர்மானிக்கவில்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விடச் சொன்னது. அதையடுத்து வந்த தலைமுறைகளில் எங்களைப் போன்ற குடும்பங்களில் அறிவழகன், வெற்றிச்செல்வி, அரசு, வேந்தன் என்று பெயர்கள் நிறைந்தன. கட்டுரையாளர்கள் சிலர் அதை ஆடம்பரம் என்று எழுதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மண்ணாங்கட்டி என்றும் குப்பன் என்றும் விளிக்கப்பட்டவர்களின் பேரன் தன் மகனுக்கு வேந்தன் என்று பெயர் வைப்பது ஆடம்பரமாகாது. சகோதரி பொன்னிமகள் தன் மகளுக்குப் பணிவான பெயர் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. எல்லோரும் அப்படி வைக்க வேண்டும் என்று யாரும் இங்கே அறிவுரை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அரங்கத்துத் துளசி எழுதியது:

செங்கை வாசகன் ஐயா சொன்ன சுலோகத்தை நான் மறுக்கவில்லை. அதை வைத்தே ஒன்று சொல்ல விரும்புகிறேன். திருமண்டங்குடியில் அந்தணர் குலத்தில் பிறந்தவர் விப்பிரநாராயணர். அந்தச் சுலோகத்தின்படி அவர் பெயரில் மங்கலம் மட்டுமே இருந்திருக்க வேண்டும். அவர் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு செய்து, தம்மைத் தொண்டரடிப்பொடி என்று அழைத்துக்கொண்டார். பெருமாளின் அடிப்பொடிகூட அன்று. பெருமாளுக்குத் தொண்டு செய்பவர்களின் காலில் ஒட்டிய தூசி. சைவத்திலும் அவ்வாறே. திருவாரூரில் சுந்தரர் "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று தொடங்கிப் பாடிய திருத்தொண்டத்தொகையில் குயவரும் வண்ணாரும் வேடரும் வருகிறார்கள். எல்லோருக்கும் தம்மை அடியவராகச் சொல்கிறார்.

தாசன் என்ற சொல்லை ஒரு நூல் சிலர்மேல் சுமத்தியது. அடியார்கள் அதைத் தாமே விரும்பி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். இன்றும் எங்கள் வீடுகளில் ஒருவரை ஒருவர் காணும்போது "அடியேன் இராமானுஜதாசன்" என்றுதான் சொல்வோம், வயதில் மூத்தவர் உட்பட. இராமானுஜன் என்ற பெயரையே பாருங்கள்: இராமனுக்குப் பின் பிறந்தவன், தம்பி, அவ்வளவுதான். அண்ணன் பின்னால் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவனின் பெயர் அது. வேறு யாராவது மகனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தால் இதை நினைவில் கொள்ளலாம்.

செங்கை வாசகன் எழுதியது:

துளசி அம்மா, தொண்டரடிப்பொடி எடுத்துக்காட்டை முழுமனதோடு ஏற்கிறேன். தானே தேர்ந்தெடுத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனதும், அவர்மேல் கொண்ட பற்றால் இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு சுரதா என்று சுருக்கிக்கொண்டதும் அந்த வகையே. கடவுளை ஏற்காதவர்களும் தாசன் என்ற சொல்லைப் பெருமையோடு சுமந்தார்கள். ஆனால் இவர்கள் அனைவரும் வளர்ந்த பின் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர்கள். குழந்தையைக் கேட்டு நாம் பெயர் வைப்பதில்லையே.

வைகைக்கரை எழுதியது:

பொன்னிமகளின் கணவர் எழுப்பிய கேள்வியிலிருந்து நாம் விலகிவிடக் கூடாது. நான் இரண்டு பெண்களைப் பெற்றவள். "அடக்கமான பெண்" என்ற சொற்றொடர் நம் ஊரில் எந்த இடத்தில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போய்ச் சொல்லும் சொல் அது. பையனைப் பற்றிச் சொல்லும்போது நல்ல வேலை, நல்ல சம்பளம் என்பார்கள். ஆகவே நான் ஒரே ஒரு சோதனையைச் சொல்வேன். இதே பொருளுள்ள பெயரை உங்கள் மூத்த மகனுக்கு வைத்திருப்பீர்களா? ஆம் என்றால் தயங்காமல் வையுங்கள். இல்லை என்றால் மீண்டும் யோசியுங்கள்.

தமிழாசிரியர் ஐயா சொன்ன 1258ஆம் குறளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே தலைவனின் பணிமொழி தலைவியின் உறுதியை உடைக்கும் படையாகச் சொல்லப்படுகிறது. சொல்பவன் கள்வன். அதைப் பணிவுக்குச் சான்றாகக் காட்டலாமா?

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

நியாயமான தடை, அம்மா. அந்தக் குறளை நான் காட்டியது அச்சொல் ஆணுக்கும் வழங்கியது என்பதற்கு மட்டுமே. பணிவின் சிறப்புக்கு அது சான்றாகாது. அதற்கு வேறு குறள் இருக்கிறது. "பணிவுடையன் இன்சொலன் ஆதல் ஒருவற்கு அணியல்ல மற்றுப் பிற" என்பது 95. பணிவும் இன்சொல்லும் சேர்ந்தால் அதுவே ஒருவருக்கு அணி என்கிறார். பணிமொழி என்ற பெயருக்குள் அந்த இரண்டும் அடங்கியிருக்கின்றன. இந்தக் குறள் பெண்ணை நோக்கிச் சொன்னதன்று.

நாணத்தைப் பற்றியும் வள்ளுவர் தெளிவாகவே பிரித்துச் சொல்லியிருக்கிறார். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளில், தகாத செயலுக்கு நாணுவதே நாணம், பெண்களின் நாணம் வேறு வகையானது என்று இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டு, மற்ற ஒன்பது குறள்களிலும் முன்னதையே பேசுகிறார். அடக்கமுடைமையும் அப்படித்தான். பிசிராந்தையார் புறநானூற்றில் தம் ஊரில் "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்" பலர் இருப்பதாகச் சொல்லும்போது, நிறையக் கற்று, அதனால் அமைதியடைந்தவர்களைச் சொல்கிறார். குனிந்த தலையோடு மூலையில் நிற்பவர்களை அன்று. சான்றோன் என்று மகனுக்குப் பெயர் வைப்பவர்கள் உண்டு; அதுவும் இந்த இழைக்கு உரிய பெயரே.

கீழக்கரைக் காற்று எழுதியது:

எங்கள் பக்கத்திலிருந்தும் சில செய்திகள். இறைவனுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபிமொழி உண்டு. அப்து என்றால் அடிமை, அடியவன். அல்லாஹ்வின் அடியவன், அருளாளனின் அடியவன் என்பதே அப்பெயர்களின் பொருள். ஆகவே எங்கள் ஊர்களில் பணிவான பெயர் என்பதைத் தேடிப் போக வேண்டியதில்லை, தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒன்றை மட்டும் மற்ற நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அப்துல் என்று தனியாக அழைத்தால் "இன்னாருடைய அடியவன்" என்பதில் இன்னார் என்பது விடுபட்டு நிற்கும். ரஹ்மான் என்று மட்டும் அழைத்தால் அது இறைவனின் திருப்பெயராகிவிடும். முழுப்பெயரையும் சொல்வதே முறை.

பெண் பெயர்களில் சாஜிதா என்றால் சிரம் தாழ்த்தி வணங்குபவள், ஆபிதா என்றால் வழிபடுபவள். சாஜித், ஆபித் என்று ஆண்களுக்கும் அவை உண்டு. ஹயா என்ற பெயரை இப்போது பலர் வைக்கிறார்கள். நாணம், அடக்கம் என்று பொருள். ஹயாத் என்பது வாழ்வு, அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வைகைக்கரை அம்மா கேட்ட கேள்விக்கு இங்கேயும் ஒரு பதில் இருக்கிறது. ஒருவர் தம் சகோதரரை, நீ அளவுக்கு மீறி வெட்கப்படுகிறாய் என்று கண்டித்துக்கொண்டிருந்தபோது, அவரை விட்டுவிடுங்கள், ஹயா ஈமானைச் (இறைநம்பிக்கையைச்) சேர்ந்தது என்று நபிகள் சொன்னார்கள். அந்த நபிமொழி பிறந்ததே ஓர் ஆணை முன்னிட்டுத்தான். ஹயாவுக்குப் பேர்போன நபித்தோழரும் உஸ்மான் அவர்களே.

அப்துல் கலாம் அவர்களின் முழுப்பெயர் அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் பக்கீர் என்பது அவருடைய பாட்டனாரின் பெயர். ஏழை, இறைவனிடம் தேவையுடையவன் என்று பொருள்படும் சொல். இராமேசுவரத்துப் பக்கீரின் பேரர் குடியரசுத் தலைவர் ஆனபோதும் அந்தப் பெயர் அவரோடு கூடவே போயிற்று.

பாளைச் சங்கு எழுதியது:

கத்தோலிக்கர் வீடுகளில் வழங்கும் சின்னப்பன் என்ற பெயரை யாரும் சொல்லவில்லையே. பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். நம் முன்னோர் அதை அப்படியே தமிழாக்கிப் புனித பவுலைச் சின்னப்பர் என்று அழைத்தார்கள். ஆகவே சின்னப்பன் என்ற பெயர் தாங்கிய கிறிஸ்தவர் பலர் திருத்தூதரின் பெயரையே தாங்கியிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் உள்ள சின்னப்பன், சின்னத்தம்பி, சின்னம்மாள் ஆகியவை பெரும்பாலும் பிறந்த வரிசையைக் குறிப்பவை. பெண்ணுக்குப் பவுலின், பவுலினா என்று வைக்கலாம். இவை தவிர யேசுதாசன், தேவதாஸ், அருள்தாஸ் எங்கும் உண்டு.

யாழ் நல்லூரான் எழுதியது:

எங்கட ஊர்ப் பக்கம் சிவதாசன், சிவதாசினி என்ற பெயர்கள் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன். பொருளில் பணிவைத் தேடுவதைக் காட்டிலும், பணிவாக வாழ்ந்தவரின் பெயரைச் சூட்டுவது நல்லது என்பது என் எண்ணம். திலகவதி என்ற பெயரில் பணிவு என்ற பொருள் ஏதும் இல்லை. ஆனால் அந்த அம்மையார் திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் அலகிட்டு, மெழுகி, பூக்கொய்து தொண்டு செய்தவர். தம்பியைத் திருநாவுக்கரசராக நமக்குத் தந்தவர். புனிதவதியும் அப்படியே. அவர் பாடல்களின் முடிவில் தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். நாம்தான் அவரைக் காரைக்கால் அம்மையார் என்கிறோம்.

திங்களூர் அப்பூதி அடிகளையும் நினைத்துப் பாருங்கள். திருநாவுக்கரசரை நேரில் காணும் முன்பே தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர்தான். தன் பெயரோ தன் முன்னோர் பெயரோ நிலைக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை.

வைகைக்கரை எழுதியது:

நல்லூரான் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கதையைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கும்வரைதான் திலகவதி என்ற பெயரில் பணிவு தெரியும். பணிமொழி என்றால் பெயரே சொல்லிவிடும்.

காவேரிக்கரைத் தந்தை எழுதியது:

விவாதத்துக்கிடையே ஒரு பயன்பாட்டுச் செய்தி. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரையும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். அது தேவையில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழி உண்டு. ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது எளிதன்று. எனவே எழுத்துகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள அனைவரும் பார்த்த பிறகே கொடுங்கள்.

பொன்னிமகள் எழுதியது:

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. வைகைக்கரை அம்மா சொன்ன சோதனையை நானும் கணவரும் அன்றிரவே பேசிப் பார்த்தோம். எங்கள் மகனின் பெயர் வெற்றிவேல். அவனுக்கு விநீத் என்றோ சான்றோன் என்றோ வைத்திருப்போமா என்று கேட்டதற்கு, வைத்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை என்றார் அவர். அதன் பிறகு அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். 95ஆம் குறளை வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும், மகளுக்கு மட்டும் என்று ஒருநாளும் சொல்லக் கூடாது என்றார். நானும் அதையே விரும்புகிறேன்.

மாமியாரிடம் செங்கை வாசகன் ஐயா எழுதியதையும் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் அடக்கம் என்று சொன்னது பெரியவர்கள் எதிரில் பேசாதிருப்பதைத்தான் என்றும், தமிழாசிரியர் சொல்வதுபோல் படித்தவர்களின் அடக்கம் என்றால் அது இன்னும் நல்லதாயிற்றே என்றும் சொன்னார். பிரணதி என்ற பெயரும் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசியில் பணிமொழி என்றே மூவரும் முடிவு செய்திருக்கிறோம். பிறப்பைப் பதிந்துவிட்டோம், பெயரை வரும் வாரம் சேர்க்கப் போகிறோம்.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. ஆங்கிலத்தில் ழகரத்தை எப்படி எழுதுவது? வெறும் எல் எழுத்தை மட்டும் போட்டால் வெளிமாநிலத்தவர்க்கு எளிது என்கிறார் என் தம்பி.

குடந்தைத் தமிழாசிரியர் எழுதியது:

எல் எழுத்தைப் போட்டால் பணிமொலி என்றுதான் படிப்பார்கள், அம்மா. இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளையும் சேர்த்து எழுதுவதே இன்று பரவலான வழக்கம். கனிமொழி, தேன்மொழி என்ற பெயர்களை அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். வெளிமாநிலத்தவர் முதல்முறை தடுமாறினாலும் குழந்தையே சொல்லிக் கொடுத்துவிடும். ணகரத்துக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லாததால், தமிழ்ப் பகுதியில் டண்ணகரம் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைச் சான்றிதழ் கைக்கு வருமுன் திரையிலேயே பார்த்துவிடுங்கள். பனிமொழி என்று பதிந்துவிட்டால் திருத்த மறுபடியும் விண்ணப்பம் எழுத வேண்டிவரும்.